நேற்றுப் பேசியவள்

ஆட்சி மாறிய வருஷம் அது. மிராசுதாரின் களத்தில் கூலி நெல்லைக் குறைத்து அளக்கிற கள்ள மரக்கால் மட்டும் மாறவில்லை. அதைக் கேட்ட கூலியாள் இராஜாங்கத்தை, மிராசுதாரின் காரியஸ்தர் எல்லோர் முன்னாலும் அறைந்தார். பக்கத்தில் நின்ற பதினாறு வயது மகள் செவ்வந்தி வாயே திறக்கவில்லை. அப்பா முகத்தில் விழிக்கக் கூசி, விடிவதற்குள் திருவாரூருக்கு ஓடிப்போனாள். அங்கே ஓர் இட்லிக் கடையில் மாவாட்டினாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, திரும்பிவிட்டாள்.

"நாத்துக்கட்டைப் போட்டுட்டு எங்கடி போன?" என்றாள் நடவு வயலில் நின்ற அம்மா காளியம்மாள். "காரியஸ்தரை நேத்து நீ கேட்ட கேள்வியத்தான் தெருவே பேசுது. அப்பாவுக்குப் பெருமை தாங்கல."

செவ்வந்தி தலையை ஆட்டி மறுத்தாள். "நான் ஊர்லயே இல்லம்மா. ஓடிப்போயிருந்தேன்."

"போடி. ராத்திரி எம்பக்கத்துலதானே படுத்திருந்த?"

மறுநாள் காரியஸ்தர் வரப்பில் வந்து நின்றார். நடவுப் பெண்கள் செவ்வந்தியைப் பார்த்தார்கள். தனக்குச் சேராத பெருமை அவளை அறுத்தது. முன்னே வந்தாள்.

"எங்கப்பாவை அடிச்சது தப்புங்க. சரியான மரக்கால்ல அளந்தாத்தான் வயல்ல இறங்குவோம்."

"முந்தாநாளும் இதையேதானே சொன்ன?" என்றார் அவர் எரிச்சலாக. "அளக்கறேன், இறங்குங்க."

பெண்கள் நகர்ந்து வரிசையில் இடம் விட்டார்கள். அது இரண்டு பேர் நிற்கிற இடம். செவ்வந்தி ஒரு பாதியில் இறங்கி நட்டாள்; மறுபாதியில் அவள் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. பொழுது சாய்ந்தபோது மறுபாதியிலும் நாற்று நட்டு முடிந்திருந்தது.