மாப்பிள்ளையின் மேட்ச் விமர்சனம்

“நேத்து மேட்ச்ல கோல்கீப்பர் சுத்த வேஸ்ட், மச்சான். என்னதான் நம்ம டீம் ஜெயிச்சாலும் அவனுக்குப் பத்துக்கு ரெண்டு மார்க்தான் போடுவேன்.”

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த மனுஷனை எதற்குக் கூட்டி வந்தோம், இவர் என்ன பேசிக்கொண்டிருக்கிறார்?

ஹாலில் சோபாவின் ஒரு மூலையில் அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். அண்ணி இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது. அன்றைக்கு மூடிய வாயை அவர் இன்னும் திறக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் என்பதால் வேலையிலும் பேச்சுக்கு அவசியமில்லை. போகிறார், மோட்டாரைப் பார்க்கிறார், வருகிறார். யார் எது கேட்டாலும் ஒரு தலையாட்டல், மிஞ்சிப்போனால் ஒரு ‘ம்’.

“உங்கண்ணன் வீட்டுல அடுப்பு எரியற மாதிரியே தெரியலம்மா” என்று பக்கத்து வீட்டு அம்மா போன வாரம் போன் செய்ததிலிருந்து இவளுக்கு நிம்மதி போய்விட்டது. இப்படியே விட்டால் அண்ணனும் கைநழுவிப் போய்விடுவாரோ என்று பயம்.

அதனால்தான் வழி நெடுகப் படித்துப் படித்துச் சொன்னாள். “ரெண்டு வார்த்தை ஆறுதலாப் பேசுங்க. நாங்க இருக்கோம்னு சொல்லுங்க. நான் சொன்னா எனக்கே அழுகை வந்துடும்.”

“சரி, சரி” என்றார் புருஷன்.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவர். ‘கிளட்ச்சை விடுங்க, மெதுவா விடுங்க’ என்று ஒரே விஷயத்தை நூறு தடவை அலுக்காமல் சொல்கிற வாய். ஆறுதல் என்று வந்தால் மட்டும் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும். அண்ணி போன அன்றுகூட, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டே பொழுதை ஓட்டியவர்.

இன்றைக்கு வாய் திறந்தது, திறந்ததும் ஃபுட்பால்.

“பெனால்டியைத் தடுத்துட்டான்னு ஊரே அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுது. என்னத்தைத் தடுத்தான்? சும்மா நின்னான். பந்து வந்து மடியில விழுந்துச்சு.”

அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் சமையலறை வாசலுக்கு வந்து கண்ணைக் காட்டினாள். புருஷன் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

“அந்த நாலாம் நம்பர் மேட்ச் பூரா தூங்கிட்டிருந்தான். ரெண்டாவது கோலாவது ஒழுங்கான்னா, அதுவும் கிடையாது. ஒம்பதாம் நம்பர் அடிச்சது. சுத்தமான ஆஃப்சைடு. ரெஃபரி கண்ணை மூடிட்டு விட்டுட்டாரு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாரே.

“என்னங்க, கொஞ்சம் இங்க வரீங்களா?” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“இரு, வரேன். மச்சான், இந்த ஒம்பதாம் நம்பர் இருக்கானே...”

“ஏழு.”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன மச்சான் சொன்னீங்க?”

“அடிச்சது ஏழாம் நம்பர்.” ரொம்ப நாள் திறக்காத குழாய் மாதிரி அண்ணனின் குரல் கரகரத்தது. “ஆஃப்சைடும் இல்ல.”

“யாரு சொன்னா? ஒம்பதுதான். நான் கண்ணால பாத்தேன்.”

“ஒம்பது அப்ப கிரவுண்டுலயே இல்ல, மாப்பிள்ளை. எழுபதாவது நிமிஷமே காலைப் புடிச்சிட்டு வெளிய போயாச்சு. நாலாம் நம்பர் தூங்கினானா? அப்ப முதல் கோலைத் தலையால அடிச்சது யாரு?”

“அது ஏதோ, தெரியாம தலையில பட்டுப் போச்சு.”

“பட்டுப் போச்சா?” அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பெனால்டியும் ஒண்ணும் மடியில வந்து விழல. வலது பக்கம் பாஞ்சு, விரல் நுனியால தட்டி விட்டான். அவனுக்குப் பத்துக்கு ரெண்டாம். நீங்கல்லாம் ஒரு வாத்தியாரு.”

அவள் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் பேசியதில் அத்தனை சந்தோஷம். ஆனாலும் புருஷன் மேல் இருந்த கோபம் முழுசாக இறங்கவில்லை. இருபது வருஷமாகப் பார்க்கிற விளையாட்டு, அதைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லையே.

சண்டை சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்தது. பேச்சு சுவாரசியத்தில் அண்ணன் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது புருஷன் காரை எடுக்கக் கீழே போனார். அவள் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. அவருக்கு எங்க என்ன பேசறதுன்னு தெரியாது. அதையும் தப்புத் தப்பாப் பேசறாரு.”

அண்ணன் தன் போனை எடுத்து நீட்டினார். “படி.”

நேற்று மேட்ச் முடிந்த கையோடு அவளுடைய புருஷன் அனுப்பியிருந்த செய்தி:

‘மச்சான், ஜெயிச்சாச்சு. கோல்கீப்பருக்குப் பத்துக்குப் பத்து. பெனால்டியை வலது பக்கம் பாஞ்சு விரல் நுனியால தட்டி விட்டான். முதல் கோல் நாலாம் நம்பர், அருமையான ஹெட்டர். ஒம்பதுக்குக் கால்ல அடி, எழுபதாவது நிமிஷம் வெளிய போயிட்டான். ரெண்டாவது கோல் ஏழாம் நம்பர். ஆஃப்சைடுன்னு கத்தினாங்க, இல்லவே இல்ல.’

“மூணு மாசமா ஒரு மேட்ச் விடாம எழுதி அனுப்பறாரு. நான்தான் ஒண்ணுக்கும் பதில் போடல” என்றார் அண்ணன். “இன்னைக்கு நேர்ல வந்து எல்லாத்தையும் தலைகீழாச் சொல்றாரு. நான் வாயைத் திறக்கணும்னு அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல.”

“அப்ப நீங்க மேட்ச் பாக்கலையா?”

“நான் எங்க பாத்தேன்? அவர் எழுதினதைத்தான் அவருக்கே திருப்பிச் சொன்னேன். நான் மேட்ச் பாத்தேன்னே நம்பிட்டாரு போல.”

கீழே ஹார்ன் அடித்தது. அண்ணன் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அவர்கிட்ட சொல்லிடாத. அடுத்த வாரமும் வந்து தப்பாப் பேசட்டும்.”