ஜன்னல் இல்லாத அறை

“ஜன்னல் இல்லாட்டியும் பரவால்ல பாய். ஏழாவது தளத்துல, பின்பக்கம் கடைசி வரிசையில ஒரு ரூமு போட்டுக் குடுங்க” என்றாள் இசக்கிச்செல்வி.

பாதுஷா கம்ப்யூட்டர் திரையிலிருந்து தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இந்த டிராவல்ஸைத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பேரை விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறார். கப்பல் பயணம் கேட்டு வந்தவள் இவள்தான் முதல்.

விசைத்தறிக் கூடத்து வேலையை முடித்துவிட்டு அவள் நேராக வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சுத்தூசி அப்படியே இருந்தது. தோளில் சின்னவன் கோகுல் தூங்கிக்கொண்டிருக்க, பெரியவள் முத்துமாரி கால் தரையில் எட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கொச்சியில் கிளம்பி லட்சத்தீவு போய்த் திரும்பும் கப்பல் அது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவளுக்கு எந்த அறை தோதுப்படும் என்று பாதுஷா பொறுமையாக விளக்கினார். நடுப்பகுதியில் கீழ்த்தளம் என்றால் ஆட்டம் குறைவு, பிள்ளைகளுக்குக் குமட்டாது. சாப்பாட்டுக் கூடமும் பக்கம். பின்பக்கத்தில் எஞ்சின் அதிர்வு இருக்கும், சின்னவன் தூங்க மாட்டான்.

“நான் கப்பல்ல ஏறினதில்ல தாயி. குத்தாலத்துல படகுல ஏறியே வாந்தி எடுத்தவன். அந்த அனுபவத்துலதான் சொல்லுதேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. பின்பக்கமே இருக்கட்டும் என்றாள்.

அவள் புருஷன் பேச்சிராஜைப் பாதுஷாவுக்குத் தெரியும். தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், கோகுல் வயிற்றில் இருக்கும்போது வெளிநாட்டுக் கம்பெனி வேலை என்று போனான். இன்னும் ஊர் திரும்பவில்லை. அவன் அங்கே உழைத்து அனுப்புகிறான், இவள் இங்கே கப்பலில் உல்லாசம் போகப் பார்க்கிறாள் என்று தெருவில் பேச்சு கிளம்பியிருந்தது. பாதுஷாவுக்கும் அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

“மாப்பிள்ள வரட்டுமே. நாலு பேருமாச் சேந்து போயிட்டு வரலாம்லா?”

“அவருக்கு லீவு குடுக்க மாட்டேங்காவ பாய். இந்தா அந்தான்னு தள்ளிக்கிட்டே போவுது. இனியும் காத்துக் கெடக்க எனக்குத் தெம்பில்ல.”

பிறகு அவள் வேறு ஏதேதோ விசாரித்தாள். அறையைச் சுத்தம் செய்ய எத்தனை தடவை வருவார்கள், தினமும் ஒரே ஆள்தான் வருவாரா, இல்லை மாற்றி மாற்றி அனுப்புவார்களா. முத்துமாரிக்கு இளைப்பு உண்டு. தூசிக்குப் பயந்து கேட்கிறாள் என்று பாதுஷா நினைத்துக்கொண்டார்.

காலையும் மாலையும் வருவார்கள், ஒரு வரிசைக்கு ஓர் ஆள் என்றார். கூடவே ஒன்றை எச்சரித்தும் வைத்தார். அங்கே வேலை செய்கிறவர்களை வராந்தாவில் நிறுத்திப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பயணிகளோடு ஒட்டி உறவாடினால் அவர்களுக்கு வேலை போய்விடும்.

“தெரியும் பாய்” என்றாள் அவள்.

அந்த வரிசையில் ஒரே ஓர் அறைதான் மீதி இருந்தது. பாதுஷா பிள்ளைகளின் பெயரையும் வயதையும் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் திரையில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“ஒனக்கு யோகந்தான் தாயி. இதே காசுக்கு பத்தாவது தளத்துல பால்கனி வச்ச ரூமு தாரான். பிள்ளைகளுக்குத் தனிக் கட்டிலு. பால்கனிக் கதவுக்குப் பூட்டும் இருக்கு.”

அவர் கை மவுஸுக்குப் போவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். தோளில் கிடந்த கோகுல் முழித்துக்கொண்டு சிணுங்கினான்.

“மாத்திராதீங்க பாய்.”

“ஏம்மா, படுத்துக்கிட்டே கடலப் பாக்கலாம். யாருக்குக் கெடைக்கும்?”

“கடலப் பாக்க நாங்க போகல. அந்த வரிசை இல்லன்னா எங்களுக்கு டிக்கெட்டே வேண்டாம்.”

அவள் குரல் உயரவில்லை. கோகுலின் முதுகைத் தட்டிய கை மட்டும், அவன் மறுபடி தூங்கிப்போன பின்னும் தட்டிக்கொண்டே இருந்தது.

சும்மா வருவதை வேண்டாம் என்கிறாளே என்று நினைத்தபடி பாதுஷா பால்கனியைத் தள்ளிவிட்டு, ஏழாவது தளத்தின் பின்வரிசையிலேயே பதிந்து டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அதுவும் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

அவள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, முத்துமாரி நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கினாள். வந்ததிலிருந்து அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் பாதுஷாவுக்கு உறைத்தது. மேசையில் கிடந்த மிட்டாயை எடுத்து நீட்டினார்.

“ஏட்டி, கப்பல்ல சேட்ட பண்ணாம இருப்பியா? எப்பிடி நடந்துக்கிடணும்னு அம்ம என்ன சொல்லித் தந்திருக்கா?”

முத்துமாரி கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

“ரூமு கூட்ட வரும்போது மட்டுந்தான் அப்பான்னு கூப்பிடணும், வெளிய வச்சுக் கூப்பிடக் கூடாது.”