214-ஆம் பக்கம்

"மன்னிச்சுக்குங்க ரோவீனா. உங்க தெருவுல இனிமே ஆடு வளர்க்கக் கூடாது," என்று என் ஆபீஸ் மேஜையில் நோட்டீஸை வைத்தார் கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட நிர்வாகத்தின் ஆய்வாளர் ஹார்லன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம கவுண்டி சட்டப் புத்தகத்துக்குப் புதுத் தாள் வந்தா, பழசைக் கழட்டிட்டு அதை மாட்டறதே நான்தான். பதினெட்டு வருஷமா. எனக்குத் தெரியாம ஒரு சட்டமா?"

"214-ஆம் பக்கத்தைப் பாருங்க."

புரட்டினேன். இருந்தது. அடியில், மாட்டிய தேதியும் என் கையெழுத்தும்.

"ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் இருந்துச்சே. நேத்தோட முடிஞ்சு போச்சு," என்றார்.

அந்தத் தேதி நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு ஐலீன் ஆபீசுக்கே சீஸ் கேக் கொண்டு வந்திருந்தாள். "எல்லாத்தையும் படிச்சுக்கிட்டா இருப்பே? மாட்டிட்டு வாடி, சாப்பிடலாம்," என்றாள். நானும் படிக்காமல் மாட்டிவிட்டுப் போனேன்.

போனை எடுத்தேன். "ஐலீன் கவுண்டி சபை உறுப்பினர்தானே. அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், மாத்திடுவா."

ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். "தீர்மானம் கொண்டுவந்ததே அவங்கதாங்க."

போனை வைத்தேன். அன்றைய கேக்குக்குச் சீஸ் கொடுத்ததே நான்தான். என் ஆட்டுப் பாலில் செய்தது.