அசல் தொப்பி

"எப்படியாவது இதைக் காப்பாத்திக் குடுங்க, தொப்பியம்மா. இல்லைன்னா இன்னிக்கு என் கதி அதோகதிதான்."

பல் டாக்டர் ஒரு மோதிரப் பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பூனை மென்று துப்பியது போல ஒரு கருநீலக் கந்தல் கிடந்தது.

தொப்பியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். கண்ணாடி அலமாரியில் வைத்துக் கண்ணும் கருத்துமாகச் சிலர் நாகரிக உடை உடுத்திய பொம்மைகளைச் சேகரிக்கிறார்களே, அந்தப் பொம்மைகளுக்கு அந்தக் காலத்துப் பாணியில் தொப்பி செய்வதுதான் அவர் தொழில். ஊரில் இந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது.

"என்ன பண்ணீங்க?"

"அலமாரியைத் தூசி தட்டச் சொல்லிட்டு அவ ஊருக்குப் போனா. நான் புத்திசாலித்தனமா வேக்குவம் கிளீனரை வெச்சேன். பொம்மையோட தொப்பியை லபக்குனு முழுங்கிடுச்சு."

"உங்களைப் பார்த்து ஊரே நடுங்குது. நீங்க பொண்டாட்டிக்கு இப்படி நடுங்குறீங்களே!"

"அவங்க என் நாற்காலியில உக்காந்து நடுங்குறாங்க. வீட்டுல நாற்காலி அவளோடதாச்சே!"

டாக்டர் நடுங்கியதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் பொம்மைக் கண்காட்சி. சேகரிக்கிறவர்கள் உலகத்தில் அசல் தொப்பியோடு நிற்கும் பொம்மை மகாராணி. மாற்றுத் தொப்பி போட்டால் அது வெறும் பொம்மை. "அசல் தொப்பியோட இருக்கிறது என்னோடது மட்டும்தான்" என்று அவர் மனைவி ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள். அந்தப் பொம்மை டாக்டரின் அம்மா கல்யாணத்தன்று மருமகளுக்குக் கொடுத்த பரிசு. அம்மாவுக்கு அதை அவருடைய மாமியார் கொடுத்தாராம்.

"படம் இருக்கா?"

டாக்டர் போனை நீட்டினார். தொப்பியம்மா அதை ஒப்புக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். கம்பளித் துணித் துண்டைப் பசைத் தண்ணீரில் நனைத்து, ஒரு மருந்து பாட்டில் மூடிமேல் இழுத்து நூலால் கட்டினார். ஹேர் டிரையரால் காயவைத்தார். விளிம்பை ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தூக்கிவிட்டார். முகத்துக்கு மேல் தொங்க ஒரு துளி வலைத்துணி, காதுப் பக்கம் இறகின் நுனி. கடைசியாக ஒரு ரிப்பனை எடுத்து டீத்தண்ணீரில் முக்கினார்.

"டீ எதுக்கு?"

"புதுசா இருந்தா மாட்டிக்குவீங்க. வயசு ஏத்துறேன்."

"அவ கண்ணு சாதாரணக் கண்ணு இல்ல. சட்டையில ஒரு முடி ஒட்டியிருந்தா யாரோடதுன்னு சொல்லிடுவா."

"கண்டுபிடிக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

"விஷயம் வெளிய போகக் கூடாது."

"இந்த அறையில நடக்கிறது எதுவும் இதுவரைக்கும் வாசப்படி தாண்டினதில்ல" என்றார் தொப்பியம்மா.

டாக்டர் தொப்பியை விரல் நுனியில் மாட்டி, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அச்சு அசல். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கையெடுத்துக் கும்பிடப் போன நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"தொப்பியம்மா, இருக்கீங்களா?"

மனைவியின் குரல்! டாக்டருக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. ஒரே பாய்ச்சலில் அறை மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தொப்பி விரலிலேயே இருந்தது.

"ஊர்லேருந்து நேரா இங்கதான் வர்றேன். இன்னும் வீட்டுக்குக்கூடப் போகல" என்று மூச்சு வாங்கினாள் மனைவி. "நாளைக்கு நடுவருங்க லென்ஸ் வெச்சுப் பார்க்கப் போறாங்களாம்! போன வருஷம் எனக்கு ஒரு தொப்பி செஞ்சு குடுத்தீங்களே, அதுக்கு இன்னும் கொஞ்சம் வயசு ஏத்திக் குடுங்க. வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"உங்க வீட்டுக்காரர்…" என்று இழுத்த தொப்பியம்மா திரைப் பக்கம் பார்த்தார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது! அவங்க அம்மா குடுத்த அசல் தொப்பியைச் சோப்புத் தண்ணியில போட்டு நான் கூழாக்கிட்டேன்னு தெரிஞ்சா, பாவம், மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

திரைக்குப் பின்னால் டாக்டர் தன் நோயாளிகளைப் போலவே வாயைப் பிளந்து நின்றார். அப்படியானால் வேக்குவம் கிளீனர் விழுங்கியதே போலியா? அதற்கா இத்தனை நாள் இவ்வளவு தம்பட்டம்? இன்றைக்கு ஒரு நாளாவது வீட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்து, திரையை விலக்கக் கையைத் தூக்கினார்.

"ஏம்மா தொப்பி, உள்ளதான் இருக்கியா?"

வாசலில் வேறொரு குரல்.

"ஐயய்யோ, எங்க அத்தை!" என்று பதறிய மனைவி அதே திரைக்குப் பின்னால் ஓடி வந்து புகுந்தாள். மூக்கோடு மூக்கு இடிக்காத குறையாகக் கணவனும் மனைவியும் நின்றார்கள். நடுவில் அவர் விரலில் தொப்பி. அவளுக்கு அலறவும் வழியில்லை, அவருக்கு அதட்டவும் வழியில்லை.

டாக்டரின் அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மோசம் போயிட்டோம்மா! லென்ஸ் வெச்சுப் பார்ப்பாங்களாமே? என்ன பண்ணுவியோ ஏது பண்ணுவியோ, நாளைக்கு என் மருமக அந்தக் கண்காட்சிக்குப் போகாம நீதான் தடுக்கணும்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "கல்யாணத்தன்னிக்கு அசல்னு சொல்லி நான் அவளுக்குக் குடுத்ததே, நீ செஞ்ச தொப்பிதானே!"