கட்டில் மேல் ஏறியவள்

"செருப்பைக் கழட்டிட்டு ஏறினியா, செருப்போடயே ஏறினியா?"

சீனியர் நர்ஸ் சசிகலா பிளசியைத் தனியே அழைத்துக் கேட்டாள். இதயம் நின்றுபோன மனிதரைக் காப்பாற்ற ஓடியவளுக்குக் காலில் என்ன கிடந்தது என்பதெல்லாம் எங்கே நினைவிருக்கும்?

"ஞாபகம் இல்லீங்கக்கா."

"நல்லா ஞாபகப்படுத்திக்க. அவரு சம்சாரம் வந்திருக்காங்க. மேனேஜர் ரூம்ல உக்காந்துக்கிட்டு, கட்டில் மேல ஏறின நர்ஸ வரச் சொல்லுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. கூட ஒரு ஆளு, கையில நோட்டு. நேத்து வார்டுக்குள்ள வந்து டேப் வெச்சுக் கட்டிலை அளந்துட்டுப் போனாரே, அதே ஆளு."

"லாயராக்கா?"

"பின்ன? பொழுது போகாமயா கட்டிலை அளப்பாரு?"

பாலக்கோடு ரோட்டில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பிளசி சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். இது போனால், படித்த நர்சிங்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஓசூர் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

நடந்தது இதுதான். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கும் முனிராஜ், போன வாரம் நெஞ்சு வலி என்று வந்து சேர்ந்தார். மறுநாள் காலை, இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவருக்கு இதயம் நின்றுவிட்டது. டாக்டர் மாடியில் இருந்தார். கட்டிலோ பிளசியின் இடுப்புக்கு மேல் உயரம். தாழ்த்துகிற கைப்பிடி துருவேறி அசைய மாட்டேன் என்றது. அவள் யோசிக்கவே இல்லை. முதுகுக்கடியில் பலகையைச் சொருகினாள், கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் முட்டி போட்டாள், நெஞ்சை அமுக்கத் தொடங்கிவிட்டாள். டாக்டர் ஓடி வருவதற்குள் இரண்டு விலா எலும்பு உடைந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார்.

பிழைத்ததை யார் பேசினார்கள்? கல்யாண வயதுப் பெண் ஒருத்தி ஊர்ப் பெரிய மனிதரின் கட்டிலில் ஏறியதைத்தான் வார்டு முழுக்க மென்றுகொண்டிருந்தது.

"நான் சொல்றதக் கேளு," என்று சசிகலா குரலைத் தாழ்த்தினாள். "ஏறவே இல்லன்னு சொல்லிடு. டாக்டருதான் நின்னுக்கிட்டு அமுக்கினாரு, நான் பக்கத்துல இருந்தேன்னு சொல்லு. அவரு ஆறடி, நம்பிடுவாங்க."

மேனேஜர் அறைக்குப் போகும் இருபது அடிக்குள் பிளசி மூன்று முறை நின்றாள். பிறகு கதவைத் தட்டினாள்.

முனிராஜின் மனைவி தீர்த்தம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை. நோட்டுக்காரர் பக்கத்தில் தயாராக இருந்தார்.

"நீதானா?" என்றார் தீர்த்தம்மாள்.

"ஆமாங்க."

"ஒசரம் எவ்ளோ?"

பிளசிக்கு ஒன்றும் புரியவில்லை. "நாலடி பத்துங்க."

நோட்டுக்காரர் எழுதிக்கொண்டார்.

"முதுகுக்கு அடியில பலகை எதுக்குச் சொருகின?"

"மெத்தை அமுங்கிடுங்க. நாம போடற பலமெல்லாம் மெத்தைக்கே போயிடும், நெஞ்சுக்குப் போவாதுங்க."

"எவ்ளோ ஆழத்துக்கு அமுக்கின?"

"ரெண்டு இஞ்சுங்க."

"எலும்பு ஒடையறது தெரிஞ்சுமா அமுக்கின?"

"தெரிஞ்சுதுங்க. ஆனா நிறுத்தியிருந்தா..."

மேனேஜர் கண்ணாலேயே அவளை எரித்தார். நோட்டில் அவள் பதிலும் ஏறியது.

"இத சொல்லு மொதல்ல. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கட்டில் மேல ஏறினது நெசமா? ஏறாம, நின்ன எடத்துலயே அமுக்கியிருக்க முடியாதா?"

சசிகலா சொல்லிக் கொடுத்த பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் வேலை தப்பிக்கும். ஆனால் டாக்டர் வரும்வரை கை ஒடிய ஒடிய அமுக்கியது அவள். அதை இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. வருவது வரட்டும் என்று நிமிர்ந்தாள்.

"முடியாதுங்க. கட்டில் ஒசரம், நான் குட்டை. கீழ நின்னு அமுக்கினா கை மடங்கிக்கும், பலம் எறங்காது. அதான் ஏறினேன். நாளைக்கே அவருக்கு மறுபடி இப்பிடி ஆனாலும் ஏறுவேங்க. நீங்க கேஸ் போடறதுன்னா போட்டுக்கங்க."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தீர்த்தம்மாள் எழுந்தார். பிளசியின் பக்கத்தில் வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றார். பிளசியைவிட இரண்டு விரல் குட்டை.

"பாத்தீங்களா ஆசாரி, அளவு சரியா எடுத்துக்கங்க," என்று நோட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர நாளைக்கு வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம் பாப்பா. தோட்டத்து வூட்ல நாங்க ரெண்டே பேரு, மறுபடி இப்பிடி ஆனா ஆம்புலன்ஸ் வந்து சேரவே அரை மணி ஆவும். அவரக் கீழ எறக்கிப் போட எனக்குத் தெம்பில்ல, உன்னாட்டம் ஏறி உக்கார என் முட்டி வுடாது. என் கல்யாணத்துக்கு எங்கப்பன் போட்ட தேக்குக் கட்டிலு, அதோட காலை எத்தன இஞ்சு அறுத்தா நான் நின்னுக்கிட்டே அமுக்கலாம்னு நீயே இந்த ஆசாரிக்குச் சொல்லு."