கதவுக்கு எதிர்ச்சுவர்

"இதுவும் வேண்டாம்" என்றாள் தங்கை.

ஹால் தரையில் மேஸ்திரி நான்காவது முறையாகப் பரப்பிவைத்திருந்த வெள்ளை டைல்ஸை அண்ணன் வெறித்துப் பார்த்தான்.

குளியலறை என்று பெயர்தானே தவிர, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவதாகக் காற்று நுழைய இடமில்லை. அந்தச் சுவர்களுக்குக் காலையிலிருந்து பஞ்சாயத்து.

முதலில் ஒன்றின் கீழ் ஒன்றாக நேர் வரிசையில் வைத்துக் காட்டினார் மேஸ்திரி. முகம் சுளித்தாள். செங்கல் அடுக்குவதுபோலப் பாதி பாதி தள்ளிவைத்தார். தலையை ஆட்டினாள். மூலைவாட்டமாகத் திருப்பினார். கடைசியில் மீன் முள் மாதிரி கோத்தும் காட்டிவிட்டார்.

ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பாள். உதடு லேசாக அசையும். பிறகு, வேண்டாம்.

அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் குளியலறைக்குமாக நடந்தான். பக்கெட்டில் குழைத்துவைத்த கலவை இறுகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருகிறார், தங்கையை அழைத்துப் போக. வருகிற மனுஷன் கை கால் கழுவவாவது ஓர் இடம் வேண்டாமா?

அவள் இப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு வருவது இது மூன்றாவது தடவை. என்ன ஏது என்று கேட்டால், ஒத்துவரவில்லை என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள். முதல் இரண்டு தடவையும் இவன்தான் நல்ல வார்த்தை சொல்லி, கூடவே போய் விட்டுவிட்டு வந்தான்.

மனசு கொஞ்சம் மாறட்டுமே என்றுதான் டைல்ஸ் விஷயத்தை அவள் பொறுப்பில் விட்டான். இப்போது தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எதைக் காட்டினாலும் நொட்டை சொல்கிறவள் எந்த வீட்டில்தான் பொருந்திப் போவாள் என்று உள்ளுக்குள் பொருமினான்.

மேஸ்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பொறுமைசாலி.

"இதுல என்னம்மா குறை? சொன்னாத்தானே தெரியும்."

"எண்ண முடியுதே" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அண்ணனுக்கும்தான்.

"அங்க, அவர் வீட்டு பாத்ரூம்ல, கதவுக்கு எதிர்ச்சுவத்துல குறுக்க எட்டு, ஒசரத்துக்குப் பதினாலு. நூத்திப் பன்னெண்டு. நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காந்திருப்பேன். அவர் வெளிய நின்னு கதவ இடிச்சுக்கிட்டே இருப்பார். ஓயுற வரைக்கும் எண்ணுவேன். சில நாள் நாலு தடவை முடியும். சில நாள் முடியவே முடியாது."

மளிகைச் சாமான் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அண்ணன் நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டான்.

மேஸ்திரி மறுபடி குனிந்தார். நல்ல டைல் ஒன்றை எடுத்தார். சாக்கில் சுற்றினார். சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டி, உள்ளே இருந்ததைத் தரையில் கொட்டினார். கோணலும் மாணலுமாகத் துண்டுகள். ஒன்றைப்போல ஒன்று இல்லை. அவற்றை ஒட்டி ஒட்டிச் சேர்த்துவைத்தார்.

"இப்படி உடைச்சுப் பதிச்சிடலாம்மா. எவனாலயும் எண்ண முடியாது." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாது சார். துண்டு வேலை."

"மெதுவாவே போடுங்க" என்றான் அண்ணன். "ஞாயித்துக்கிழமை யாரும் வரல."

தங்கை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை.

போன வருஷம் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, அதே குளியலறைக்குள் அவனும் போயிருக்கிறான். கதவின் உள்பக்கம் புத்தம் புதிதாக ஓர் இரும்புத் தாழ்ப்பாள், முழங்கை நீளத்துக்கு. வெளியே வந்ததும் மாப்பிள்ளையிடம் கேட்டான், உள்ளே என்ன புதையலா வைத்திருக்கிறீர்கள் என்று.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கை துடைக்கத் துண்டை நீட்டியபடி அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.