டிக்கெட் எடுக்காத ஜன்னல்

குடியிருப்புச் சங்கத்தின் வாணவேடிக்கை தொடங்கியதும், டிக்கெட் எடுக்காத வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகள் தாமாகவே கருத்துப்போயின. மெர்சியின் வீடும் அவற்றில் ஒன்று. அவள் உடனே சங்கச் செயலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், என் பையன் ஆபரேஷனுக்குத்தானே இந்த வசூலே? அவன் பாக்கக் கூடாதா?"

"தப்பா எடுத்துக்காதம்மா. ஒரு ஜன்னலைச் சும்மா விட்டா, அடுத்த வருஷம் எவனும் டிக்கெட் எடுக்க மாட்டான்."

மகன் ஜோயல் கருத்த கண்ணாடியில் காதை ஒட்டிக்கொண்டு, வெடிச்சத்தத்தை வைத்தே நிறம் சொல்லிக்கொண்டிருந்தான். "இது பச்சைம்மா."

மெர்சி அவனைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தாள். இஞ்சி இடிக்கும் குழவியை எடுத்துவந்து ஓங்கி ஒரு போடு போட்டாள். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியே, டிக்கெட் எடுத்தவர்களின் மனம் இளகுவதற்காக, வானம் முழுக்க ஜோயலின் முகம் பொன்னிறத்தில் விரிந்திருந்தது.

"அம்மா, நாந்தான் அது," என்றான் அவன்.

இன்னும் துண்டிக்காத போனில் செயலாளர் பதறினார். "கண்ணாடிக்கு யாரும்மா காசு குடுப்பா?"

"அதுக்கும் ஒரு வேடிக்கை வெச்சு வசூல் பண்ணுங்க சார்," என்றாள் மெர்சி. "அன்னிக்கு என் மூஞ்சியப் போடுங்க."